'கேஷுவாலிட்டி'க்கு வந்தவர்கள்: அற்ப நோய் என்ற குற்றச்சாட்டின் வரலாறு

1

ஒரு புகார் இருக்கிறது. ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள், அதிகாரிகள் சொல்கிறார்கள், படித்த நடுத்தர வர்க்கமும் டீ குடிக்கும்போது சொல்கிறது. 'தலைவலி, சளி, காய்ச்சல், வயித்துவலி. இதுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு வந்து நிக்கிறாங்க. நெஜமாவே உசுருக்குப் போராடுறவன் வரும்போது அவனப் பாக்க முடியாமப் போகுது. ஜனங்களுக்கு அறிவே கெடையாது.'

'ஜனங்கள்' என்ற சொல்லை நாம் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள்? சொந்தமாக ஒரு டாக்டரைத் தெரிந்து வைத்திருப்பவர் இல்லை. ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு 'சார், கொழந்தைக்கு ஜொரம்' என்று கேட்க முடிந்தவர் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டத் திராணியுள்ளவரும் இல்லை. இவர்களையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள்தான் இந்த 'ஜனங்கள்'. கூலிக்காரர்கள், தெருவில் படுப்பவர்கள், துப்புரவு வேலை செய்பவர்கள், கைக்குழந்தையோடு தனியாக வரும் பெண்கள்.

நம்மூர் ஜி.எச். எதுவானாலும் இது நடக்கும். ஓ.பி. என்கிற புறநோயாளிப் பிரிவு முக்கியமாகக் காலை நேரத்து விவகாரம். சீட்டு வாங்க ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை. மத்தியானம் ஆகிவிடும். அன்றைக்குக் கூலி போச்சு. அதனால் வேலையை முடித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, ராத்திரியில் காய்ச்சலோடு 'கேஷுவாலிட்டி' என்று பலகை மாட்டிய வாசலுக்கு நம் ஜனம் வருகிறது. 'இப்ப எதுக்கு வந்த? காலையில ஓ.பி.க்கு வா' என்று பதில் வருகிறது. இதைக் கேட்டுப் பழகிப்போன காதுகள் நம்முடையவை.

இந்தப் புகார் நம் ஊரில் பிறந்ததில்லை. நேற்றுப் பிறந்ததும் இல்லை. இதற்கு நூற்றைம்பது வருஷத்து வரலாறு இருக்கிறது. நம் ஆஸ்பத்திரி வாசலில் தொங்கும் அந்தப் பலகையின் சொல்லே லண்டனிலிருந்து கப்பலேறி வந்ததுதான். எனவே லண்டனிலிருந்தே தொடங்குவோம்.

2

'கேஷுவல் லேபர்' என்று நாம் சொல்கிறோம். நிரந்தரம் இல்லாத வேலைக்காரன், வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. லத்தீனில் 'விழுதல்', 'தற்செயல்' என்று பொருள்படும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் இவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் அந்த ஒரு சொல் மூன்று இடத்தில் நின்றது. துறைமுக வாசலில் விடியற்காலையில் கூட்டமாக நின்று, மேஸ்திரி கைகாட்டினால் வேலை, இல்லாவிட்டால் பட்டினி என்று கிடந்தவன் 'கேஷுவல்' தொழிலாளி. ஊர் ஊராக அலைந்து ஒரு ராத்திரி மட்டும் படுத்துக்கொள்ள வந்தவனுக்கு ஏழைகள் விடுதியில் ஒதுக்கிய கொட்டடியின் பெயர் 'கேஷுவல் வார்டு'. படுத்ததற்குக் கூலியாக அவன் கல் உடைக்க வேண்டும், பழைய கயிற்றைப் பிரித்து நாராக்க வேண்டும். மூன்றாவது இடம் ஆஸ்பத்திரியின் 'கேஷுவாலிட்டி'. மூன்று இடத்திலும் பெரும்பாலும் நின்றது ஒரே வர்க்கம்.

அன்றைக்கு லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்தின் ஆஸ்பத்திரிகள் அல்ல. பழைய மானியங்களாலும் பணக்காரர்களின் சந்தாவாலும் நடந்த தர்ம ஆஸ்பத்திரிகள். வருஷச் சந்தா கட்டிய கனவானுக்கு ஓர் உரிமை உண்டு. தனக்குத் தெரிந்த ஏழைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கலாம். பல ஆஸ்பத்திரிகளில் அந்தக் கடிதம் இல்லாமல் படுக்கை கிடையாது. அதாவது, நோய் மட்டும் இருந்தால் போதாது. உன்னை ஒரு கனவானுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ அடக்கமானவன், நன்றியுள்ளவன், குடிக்காதவன் என்று அவர் நம்ப வேண்டும். ஆண்டை சீட்டுக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரி என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும்.

1827இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற இளம் அறுவை மருத்துவர், ஹோல்பர்ன் பகுதியில் ஒரு தேவாலயத்துப் படிக்கட்டில் ஓர் இளம்பெண் சாகக் கிடப்பதைப் பார்த்தார். அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க முயன்றார். கடிதம் இல்லை, எந்தக் கதவும் திறக்கவில்லை. அவள் செத்துப்போனாள். அடுத்த வருஷம், 1828இல், கடிதம் கேட்காத ஓர் ஆஸ்பத்திரியை மார்ஸ்டன் தொடங்கினார். நோயும் ஏழ்மையுமே போதுமான சிபாரிசு என்பது அதன் கொள்கை. பின்னாளில் 'ராயல் ஃப்ரீ' என்று பெயர்பெற்றது அதுதான்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் கடிதம் தேவைப்படாத ஒரே வாசல் விபத்து வாசல். வண்டியில் அடிபட்டவனிடமும் சாரத்திலிருந்து விழுந்தவனிடமும் சிபாரிசு கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அதனால் அந்தக் கதவு எப்போதும் திறந்திருந்தது. திறந்திருந்த கதவைத் தேடி மக்கள் வந்தார்கள். இருமல்காரன் வந்தான், புண்ணோடு வேலைக்காரி வந்தாள், பேதியாகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வந்தாள். மற்ற கதவுகளையெல்லாம் மூடி வைத்துவிட்டு, திறந்திருந்த ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பேர் வருகிறார்கள் என்று கேட்டது லண்டன்.

வேறு எங்கே போவது? 1834இன் புதிய ஏழைச் சட்டம் ஏழைக்கு ஒரு டாக்டரைக் காட்டியது. ஆனால் அந்த மருந்தின் விலை மானம். உதவி அதிகாரி முன்னால் நின்று நான் ஒன்றுமில்லாதவன் என்று நிரூபிக்க வேண்டும். விடுதிக்குள் போனால் குடும்பத்தைப் பிரிப்பார்கள். அங்கே செத்து, உடலைக் கேட்க ஆளில்லாமல் போனால், 1832இன் உடற்கூறுச் சட்டப்படி மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கப் பிணம் போய்ச் சேரும். ஏழைச் சட்டத்து மருந்தை வாங்கியவனுக்கு ஓட்டுரிமையும் போகும். மருத்துவ உதவி பெற்ற காரணத்தால் மட்டும் ஓட்டைப் பறிக்கக் கூடாது என்ற சட்டம் 1885இல்தான் வந்தது. ஒரு புட்டி இருமல் மருந்துக்கு ஓட்டுச்சீட்டை அடமானம் வைக்கச் சொன்ன நாடு, அவன் தர்ம ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததைக் குற்றம் என்றது.

3

அந்தக் குற்றத்துக்கு ஒரு பெயரும் வைத்தார்கள்: 'ஆஸ்பத்திரி துஷ்பிரயோகம்'. 1860களிலிருந்து மருத்துவப் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுதித் தள்ளின. 1869இல் லண்டனில் 'சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டி' பிறந்தது. யாருக்குத் தர்மம் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று விசாரித்துப் பிரிப்பது அதன் வேலை. தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, சம்பளம் என்ன, வாடகை என்ன என்று அது விசாரித்தது.

யாருக்கு இதில் என்ன ஆதாயம்? தெருவோர டாக்டர்களுக்குக் கட்டணம் போயிற்று. இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறது என்று அவர்கள் கத்தினார்கள். ஆஸ்பத்திரிகள் மறுபக்கம் விளையாடின. இத்தனை ஆயிரம் ஏழைகளைக் குணமாக்கினோம் என்று கணக்குக் காட்டினால்தான் சந்தா வரும். மாணவர்கள் பழகுவதற்கு உடம்புகள் வேண்டும். ஆக, கூட்டம் ஆஸ்பத்திரிக்குத் தேவையாகவும் இருந்தது, திட்டுவதற்கு வசதியாகவும் இருந்தது. உழைப்பு வேண்டும், உழைக்கிறவன் உள்ளே வரக் கூடாது என்கிற ஊர்த்தெரு நியாயத்தை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

அந்த வாசலுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதற்கு நல்ல சாட்சி ஒருவர் உண்டு. ராபர்ட் பிரிட்ஜஸ். பின்னாளில், 1913இல், இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரானவர். 1870களின் கடைசியில் அவர் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டர். 1878இல் அந்த ஆஸ்பத்திரியின் ஆண்டு மலரில் தன் வேலையைப் பற்றி எழுதினார். ஒரு வருஷத்தில் அவர் பார்த்த நோயாளிகள் ஏறத்தாழ 31,000. ஒரு ஆளுக்குக் கிடைத்த நேரம் சராசரியாக ஒன்றே கால் நிமிஷத்துக்குச் சற்று அதிகம். பேரைக் கேட்டு, நோவைக் கேட்டு, நாடியைப் பிடித்து, மருந்து எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் சேர்த்து.

ஒன்றே கால் நிமிஷத்தில் எது அற்ப நோய், எது ஆபத்தான நோய் என்று யாரால் பிரிக்க முடியும்? 'சாதாரண இருமல்' என்று புட்டியோடு திருப்பி அனுப்பியவர்களில் எத்தனை பேருக்குக் காசம் இருந்தது? அதற்குக் கணக்கில்லை. அற்பம் என்று முத்திரை குத்தப்பட்டவன் வீட்டுக்குப் போய்ச் செத்தால் அது ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறாது. அற்ப நோய் பற்றிய புள்ளிவிவரம் எதைப் பார்த்தாலும் இதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1890இல் பிரபுக்கள் சபை லண்டன் ஆஸ்பத்திரிகளை விசாரிக்கக் குழு போட்டது. துஷ்பிரயோகப் புகார் அங்கேயும் வந்தது. அதன்பின் 1895இல் முதல் 'ஆல்மனர்' நியமிக்கப்பட்டார். பெயர் மேரி ஸ்டூவர்ட், அனுப்பியது அந்தச் சொசைட்டி. வருகிற நோயாளியை விசாரித்து, காசு கட்ட முடிந்தவனைத் திருப்பி அனுப்புவது, ஒன்றுமே இல்லாதவனை ஏழைச் சட்டத்துக்குத் தள்ளுவது, நடுவில் இருப்பவனைச் சந்தா கட்டி மருந்து வாங்கும் நிலையத்தில் சேரச் சொல்வது அவர் வேலை. பின்னாளில் ஆஸ்பத்திரிச் சமூகப்பணி என்று வளர்ந்து நல்லதும் செய்த ஒரு தொழிலின் பிறப்பு இது. அவர் உட்கார்ந்த ஆஸ்பத்திரி எது தெரியுமா? ராயல் ஃப்ரீ. எந்தக் கடிதமும் வேண்டாம் என்று சொல்லிப் பிறந்த அதே ஆஸ்பத்திரி. அறுபத்தேழு வருஷத்தில் அந்த வாசலிலும் ஒரு விசாரணை மேசை முளைத்துவிட்டது.

4

1911இன் தேசிய இன்சூரன்ஸ் சட்டம் தொழிலாளிக்கு ஒரு டாக்டரைக் கொடுத்தது. தொழிலாளிக்கு மட்டும். அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. சம்பளச் சீட்டு இல்லாத பெண்ணின் உடம்பு சட்டத்தின் கண்ணில் படவில்லை. அவள் பழைய வாசலிலேயே நின்றாள், அல்லது வீட்டில் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தாள். 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை தொடங்கி எல்லோருக்கும் டாக்டர் என்று ஆனபோது, கருப்பை இறக்கத்தைப் பல வருஷமாகச் சுமந்துகொண்டு வேலை பார்த்த பெண்கள் வரிசை வரிசையாக வந்ததைப் பல டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அற்ப நோய்க்கெல்லாம் ஓடி வருகிற ஜனம் என்று திட்டப்பட்ட அதே ஜனந்தான் பெரிய நோயை மறைத்துக்கொண்டு வாழ்ந்தது. இந்த ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் எழுதும் வரலாறு பாதி வரலாறு.

எல்லோருக்கும் டாக்டர் வந்த பிறகும் புகார் சாகவில்லை. சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு 1962இல் அறிக்கை கொடுத்தது. 'கேஷுவாலிட்டி' என்ற பெயரை எடுத்துவிட்டு 'ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி', அதாவது விபத்தும் அவசரமும் என்று வைக்கச் சொன்னது. சில்லறை நோவுக்காக வருகிற ஆட்களுக்கு இது உங்கள் இடமல்ல என்று பலகையே சொல்ல வேண்டும் என்பது எண்ணம். பலகை மாறியது. ஆட்கள் வருவது நிற்கவில்லை. இங்கிலாந்து கழற்றிப் போட்ட அந்தப் பழைய பெயர் நம்மூர் ஜி.எச். வாசல்களில் இன்னும் தொங்குகிறது.

1979இல் ரோஜர் ஜெஃப்ரி என்ற சமூகவியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இந்தியாவின் சுகாதார அரசியலைப் பற்றியும் பின்னாளில் நூல் எழுதியவர் அவர். ஓர் ஆங்கில நகரத்தின் கேஷுவாலிட்டிகளில் உட்கார்ந்து டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளைப் பற்றித் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்தார். நோயாளிகளை அவர்கள் ரெண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒன்று, நல்ல கேஸ். நெஞ்சடைப்பு, தலையில் பலத்த அடி, டாக்டருக்குத் திறமையைக் காட்ட வாய்ப்புக் கொடுக்கிற நோய். இன்னொன்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'குப்பை'. அற்ப நோய்க்காரர்கள், குடிகாரர்கள், மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்கள், தெருவில் திரிபவர்கள். குப்பையைக் காக்க வைப்பார்கள். குப்பையிடம் எரிந்து விழுவார்கள். இனிமேல் வராதே என்று புரியவைக்கும் தண்டனை அது.

குப்பை என்ற சொல் நமக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. யார் குப்பை அள்ள வேண்டும், யாரே குப்பை என்று ஒரு நாகரிகம் தீர்மானித்து நம் தலையில் எழுதியிருக்கிறது. அங்கே பிறப்பால் இல்லை, வர்க்கத்தாலும் நடத்தையாலும் என்று வித்தியாசம் சொல்லலாம். வித்தியாசம் உண்டு, அதை அழித்துவிட்டுப் பேசக் கூடாது. ஆனால் வேலை செய்கிற முறை நமக்குப் பரிச்சயமானது. ஆளை முதலில் பிரி, அப்புறம் நோயைப் பார்.

5

அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே வாசலில் நிறம் நின்றது.

1931 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊருக்கு அருகே ஒரு கார் விபத்து. அடிபட்டவர்களில் ஒருவர் ஜூலியட் டெரிகாட், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவியர் பகுதிக்குத் தலைவராக இருந்த கறுப்பினப் பெண். அந்த ஊர் ஆஸ்பத்திரி கறுப்பர்களைச் சேர்க்காது. காயத்துக்குக் கட்டுப் போட்டு, ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பிறகு பக்கத்து மாநிலத்துச் சாட்டனூகா நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் பிழைக்கவில்லை. அவருக்கு வந்தது அற்ப நோய் அல்ல. ஆனாலும் கதவு திறக்கவில்லை. அவசரத்தை மதிக்கிறோம், அற்பத்தைத்தான் எதிர்க்கிறோம் என்கிற வாதம் இந்த இடத்தில் பொய்யாகிப் போகிறது.

1946இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் ஆஸ்பத்திரி கட்ட அரசுப் பணத்தை வாரிக் கொடுத்தது. தனித்தனியாக, ஆனால் சமமாக இருந்தால் சரி என்று நிறப் பிரிவினைக்கும் அதில் இடம் வைத்தார்கள். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் டாக்டரும் தோழர்களும் வழக்குப் போட்டார்கள். 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதி செல்லாது என்றது. 1966இல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பிரிவினையை விடாத ஆஸ்பத்திரிக்குப் பணம் கிடையாது என்றது அரசு. சில மாதங்களில் ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகள் பலகையைக் கழற்றின. மனசு மாறிக் கழற்றவில்லை, பணம் நின்றுவிடும் என்று கழற்றின. அதுவும் நாம் படிக்க வேண்டிய பாடந்தான்.

நிறப் பலகை போன இடத்தில் பணப் பலகை வந்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் அட்டையைக் காட்டினால், அரசு கொடுக்கும் கட்டணம் குறைவு என்று பல டாக்டர்கள் பார்க்க மறுத்தார்கள். இன்சூரன்ஸ் இல்லாதவனைத் தனியார் ஆஸ்பத்திரிகள் ஆம்புலன்சில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போயின. குப்பை கொட்டுவதற்குச் சொல்லும் அதே சொல்லால்தான் இதையும் சொன்னார்கள். சிகாகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரி டாக்டர்கள் இப்படி வந்து சேர்ந்த 467 பேரைக் கணக்கெடுத்து 1986இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 89 பேர் கறுப்பர்கள் அல்லது ஹிஸ்பானியர். நூற்றுக்கு 87 பேரை அனுப்பக் காரணம் போதிய இன்சூரன்ஸ் இல்லாதது. நூற்றுக்கு 24 பேர் அனுப்பும்போதே உடல்நிலை தடுமாறிக் கொண்டிருந்தவர்கள். எழுத்து மூலம் சம்மதம் வாங்கியது நூற்றுக்கு 6 பேரிடந்தான்.

அதே 1986இல் ஒரு சட்டம் வந்தது. மெடிகேர் பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும், அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதிக்க வேண்டும், ஆபத்தில் இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். பெரிய வெற்றி. ஆனால் கவனியுங்கள். சாதாரண டாக்டரின் அறைக்குள் நுழையும் உரிமையை எந்தச் சட்டமும் ஏழைக்குக் கொடுக்கவில்லை. இந்த ஒரு வாசலுக்கு மட்டுந்தான் உரிமை. சட்டமே காட்டிய வாசலுக்கு வந்தவனைத்தான் 'ஏம்பா இங்க வந்த' என்று கேட்டார்கள்.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நாம் புலம்பியதாகத்தான் முடியும். பிட்ஸ்பர்க் நகரத்தின் ஹில் டிஸ்ட்ரிக்ட் கறுப்பர்கள் வாழும் பகுதி. அங்கே நோயாளியைத் தூக்கிப் போனது போலீஸ் வண்டி. 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் அமைப்பு தொடங்கியது. வேலைக்குத் தகுதியில்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்களுக்கு, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையை வளர்த்த முன்னோடி டாக்டர் பீட்டர் சாஃபரின் வழிகாட்டுதலில் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்காவின் முதல் முறையான பாராமெடிக்குகளில் இவர்களும் அடங்குவர். 1975இல் நகராட்சி அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. உருவாக்கியவர்களில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். குப்பை என்று சொல்லப்பட்டவர்கள்தான் அவசர மருத்துவத்துக்கு ஒரு முன்மாதிரியைக் கட்டினார்கள் என்பதை அழித்துவிட முடியாது.

6

சரி, இந்தப் புகாரில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அவசரப் பிரிவில் ராத்திரி முழுக்க நிற்கிற நர்சம்மாவின் காலுக்கு வலி தெரியும். கூட்டத்தில் ஒரு நெஞ்சடைப்புக்காரர் தவறிப்போகலாம். அதை நாம் மறுக்கவில்லை. கேள்வி வேறு. கூட்டத்துக்குக் காரணம் யார்? எது அற்பம் என்று யார், எப்போது முடிவு செய்வது?

முதல் கேள்விக்குக் கனடாவிலிருந்து ஒரு பதில். ஒண்டாரியோ மாகாணத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். எட்டு மணி நேரத்தில் சிறிய நோவுக்காரர்கள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்ற நோயாளிகள் டாக்டரைப் பார்க்க ஆகும் தாமதம் சராசரியாக 2.1 நிமிஷம். அவ்வளவுதான். நெரிசலுக்கு முக்கியக் காரணம், உள்ளே சேர்க்க வேண்டிய நோயாளிக்கு வார்டில் படுக்கை இல்லாமல் அவர் அவசரப் பிரிவிலேயே கிடப்பது. படுக்கையைக் குறைத்தது அரசாங்கம். பழி சளிக்காரன் தலையில்.

இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பதில். 2011இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு பட்டியல் போட்டது. மெடிகெய்ட் அட்டைக்காரர் இந்த நோய்களுக்காக வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் அவசரப் பிரிவுக்கு வந்தால் பணம் கட்ட மாட்டோம் என்றது. எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் கைவிடப்பட்டது. பரிசோதனை முடிந்தபிறகு எழுதும் நோயின் பெயரை வைத்து இப்படிப் பிரிக்க முடியுமா என்று 2013இல் ஓர் ஆய்வு கேட்டது. முடிவில் சாதாரண நோய் என்று தெரியவந்த வருகைகள் நூற்றுக்கு 6.3. ஆனால் அவர்கள் வரும்போது சொன்ன தொந்தரவுகளும், மொத்தமாக வந்தவர்களில் நூற்றுக்கு 88.7 பேர் சொன்ன தொந்தரவுகளும் ஒன்றே. அதே நெஞ்சுவலி, அதே வயிற்றுவலி, அதே காய்ச்சல். அப்படி ஒரே தொந்தரவைச் சொல்லி வந்தவர்களில் நூற்றுக்கு 12.5 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

இதன் அர்த்தம் என்ன? நெஞ்சு வலிக்கிறது. அது வாயுவா, மாரடைப்பா? ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தம் பார்த்து, பத்து வருஷம் படித்த டாக்டர் யோசித்துச் சொல்வதை, கூலிவேலைக்குப் போன ஒரு பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முன்னாடியே சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். தப்பாகச் சொல்லி வந்தால் துஷ்பிரயோகம். தப்பாகச் சொல்லி வராமல் இருந்து செத்தால் அறியாமை. ரெண்டுக்கும் குற்றவாளி அவள்தான்.

7

அற்ப நோய் எப்போது பெரிய நோய் ஆகிறது? நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று நாம் அறிந்த குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எடுத்து வைக்கிறார். 1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். மனைவிக்குப் பிரசவம் ஆகி இரண்டு நாளில் உடம்பு சரியில்லாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார், தொட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவரைப் பிடித்து, ரெண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்க வைத்து, சேரிக்கு வெளியே நின்று பார்க்கச் சம்மதிக்க வைக்கிறார்கள். பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் கருவி திரும்பிப் போகிறது. நிமோனியா என்று சொல்லி மருந்து அனுப்புகிறார். மறுபடி வர மறுக்கிறார். அந்தத் தாய் இறந்துபோகிறாள்.

லண்டனில் கனவானின் சிபாரிசு, கத்தியவாரில் ஊர்ப் பெரியவரின் உத்தரவாதம். ஹோல்பர்னின் படிக்கட்டு, சேரியின் எல்லை. நோய் முற்றுவதற்கு எந்தக் கிருமி காரணம் என்று மருத்துவம் சொல்லும். எத்தனை மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார்கள் என்று நாம்தான் எழுத வேண்டும்.

அதனால்தான் இதை ஒழுங்கீனம், அறியாமை என்ற சொற்களால் பேச விடக் கூடாது என்கிறேன். மனுசன் சின்ன நோவோடு வரும்போதே பார்க்கிற ஊரில் பெரிய நோவு குறையும். கூலிக்காரன் வேலை முடிந்து வருகிற நேரத்தில் டாக்டர் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தொட்டுப் பார்க்க வேண்டும். அவமானப்படுத்தாமல் பேச வேண்டும். இந்த நான்கும் இருந்தால் எமர்ஜென்சி வாசலில் போய் நிற்க யாருக்கும் ஆசை இல்லை. அங்கே திருவிழாவா நடக்கிறது?

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் வரலாறு டாக்டர்களின் வரலாறாகவும் கட்டடங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. வாசலில் நின்றவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. உங்கள் தெருவில் வயசான அம்மாக்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ராத்திரியில், எந்த நோவுக்குப் போனீர்கள்? என்ன சொல்லித் திருப்பினார்கள்? யாரைப் பிடித்து உள்ளே போனீர்கள்? திரும்பி வராதவர்கள் யார்? தேதி தெரியாவிட்டால் எந்தப் புயல் வருஷம், எந்தத் தேர்தல் வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்ஜஸ் தன் நிமிஷத்தைக் கணக்குப் போட்டு எழுதியதால்தான் அந்த ஒன்றே கால் நிமிஷம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. நம்மவர்கள் காத்துக்கிடந்த மணிக்கணக்கை இன்னும் யாரும் எழுதவில்லை.